கலஹா பஸ்ஸில் வாரப் பத்து

கலஹாவிலிருந்து காலை ஏழு ஐந்துக்குக் கண்டிக்குப் புறப்படும் தனியார் பஸ்ஸில், மதகுருமாருக்கென்று எழுதி வைத்த முன் இருக்கைக்கு அடுத்த ஜன்னலோரம்தான் ஆகச் சுகமான இடம். கால் நீட்டலாம். கண்ணாடியைத் திறந்தால் திறக்கும், மூடினால் மூடும். பேராதனையில் பிள்ளைகள் ஏறி நெரித்தாலும் அங்கே இருப்பவரின் மடியில் எவருடைய பையும் வந்து விழாது. அந்த இடத்துக்காகத்தான் பந்தயம்.

பந்தயம் பாட்டில். சனிக்கிழமை காலை ஏழிலிருந்து எட்டு வரை ஒரு தமிழ் வானொலி, நேயர்கள் போனில் அனுப்பும் வாக்குகளை எண்ணி, அந்த வாரத்தின் பத்துப் பாட்டுகளைப் பத்தாவதிலிருந்து மேலே ஏறி முதலாவது வரை ஒலிபரப்பும். 'வாரப் பத்து' என்று பெயர். பஸ் மலையிறங்கும் அதே நேரம். தினமும் அதில் போய்வரும் எட்டுப் பேர், எந்தப் பாட்டு முதலாவது வரும் என்று வெள்ளிக்கிழமை காலையே சொல்லிவிட வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு அடுத்த வாரம் முழுவதும் அந்த ஜன்னலோரம். இரண்டு பேர் சரியாகச் சொன்னால் ஆளுக்கு மூன்று நாள். யாருடைய பாட்டு மற்ற எல்லாருடையதையும்விடக் கீழே கிடக்கிறதோ, அவர் வாரம் முழுவதும் பேராதனை வரை நின்றே போக வேண்டும்.

யார் எதைச் சொன்னார் என்பதை எழுதி வைக்கிறவர் பஸ்லினா டீச்சர். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். அவர் பந்தயத்தில் சேரவில்லை.

"காசு வெச்சாலும் வெக்காட்டியும் பந்தயம் பந்தயம்தான். எனக்கு அது வேணா," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "ஆனா நீங்க எட்டுப் பேரும் நான் அதச் சொன்னேன், இதச் சொன்னேண்டு சண்ட புடிக்கிறதப் பாத்துட்டு ஈக்க ஏலா. கொப்பியத் தாங்க, நான் எழுதுறேன்."

அன்றிலிருந்து அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

சஞ்சீவனி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது தற்செயலாகத்தான். எட்டாவது ஆள் இடமாற்றம் கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை, வழக்கம்போல நடுவில் ஓரிடத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு பேசாமல் இருந்த சஞ்சீவனியைப் பார்த்து, பஸ்லினா டீச்சர், "நீங்க ஒண்டு செல்லுங்களேன், எட்டு வராட்டி எனக்கு என்னமோ மாதிரி ஈக்கி," என்றார்.

சஞ்சீவனிக்கு முப்பத்தாறு வயது. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இரவு வேலை. பகலெல்லாம் தூங்குவார். அதனால் அவர்கள் வீட்டில் வானொலியைத் திருப்பினால் அடி விழும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பாட்டுப் போட்டிக்கு நிற்கும்போது இவள் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்துக்கொள்வாள். உயர்தரம் எழுதி, கண்டியில் வேலை கிடைத்து, ஜெயராஜைக் கலியாணம் முடித்து, இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்ற பிறகும் அவள் ஒரு பாட்டை முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை.

"எனக்குப் பாட்டு ஒன்னும் தெரியாதே டீச்சர்," என்றாள். பிறகு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால், "அந்த... தவில் மாதிரி என்னமோ அடிச்சி, பொறகு ஒரு ஆளு விக்குற மாதிரி ஆரம்பிக்குமே, அது?" என்று இழுத்தாள்.

பஸ் சிரித்தது. முன்னால் ஜன்னலோரத்தில் இருந்த பொன்னுத்துரை சேர் திரும்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கலஹாவில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர், கண்டியில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியர். ராகம் தாளம் எல்லாம் பிரித்துப் பார்த்துத்தான் பாட்டுச் சொல்வார். ஒரு காலத்தில் வாரா வாரம் அவர்தான் வெல்வார். இப்போது கொஞ்ச மாதமாகத் தட்டித் தட்டிப் போனாலும், அந்த இடத்தில் இருக்கும்போது அவருடைய முதுகு நிமிர்ந்தே இருக்கும்.

"பிள்ளை, அது விக்கல் இல்லை, கமகம். அதுவும் பிழையான கமகம்," என்றார். "அது முதலாவது வாற பாட்டே? பத்துக்குள்ள வந்தாலே பெரிய விசயம்."

அது முதலாவதாக வந்தது.

அடுத்த வாரமும் அவள் சொன்னதே வந்தது. அதற்கடுத்த வாரமும். ஒன்பது வாரம் தொடர்ச்சியாக சஞ்சீவனி ஜன்னலோரத்தில் கால் நீட்டிக்கொண்டு கண்டிக்குப் போனாள். பாட்டின் பெயர் அவளுக்கு ஒருநாளும் தெரியாது. "மழை பேஞ்சி ஓயுற மாதிரி முடியுமே", "ஒரு பொம்பளப் புள்ள கோவிச்சிக்கிற மாதிரி பாடுமே" என்றுதான் சொல்வாள். டீச்சர் அதைக் கேட்டு விசாரித்துப் பெயரைக் கண்டுபிடித்து எழுதுவார். பொன்னுத்துரை சேர் தினமும் பின்னால் இருந்து அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டு வந்தார், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும்போல.

அதற்குள் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் காதில்.

அவள் வேலை செய்வது சிறப்பு மருத்துவர்கள் வந்து நோயாளர்களைப் பார்க்கும் ஒரு சனலிங் சென்டரில். டொக்டர் வரப் பிந்தும், உங்கள் இலக்கம் பதினேழு, நாலரைக்கு வந்தால் போதும் என்று நோயாளர்களுக்குப் போன் எடுத்துச் சொல்வது அவளுடைய வேலை. சிங்களம் பேசுகிறவர்களுக்கு இன்னொருத்தி எடுப்பாள். தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் சஞ்சீவனியின் பங்கு. அக்குறணைக் கடைக்காரர்கள், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், மாத்தளை, கம்பளை, கண்டி டவுன். நாளைக்கு எழுபது எண்பது பேர். இப்போது யாருக்குப் போன் எடுத்தாலும் வெறும் மணியா அடிக்கிறது? அவர்கள் எடுக்கும்வரை, அவர்கள் விரும்பிப் போட்டு வைத்த ஒரு பாட்டு நம் காதில் ஓடும். பாட்டே தெரியாத சஞ்சீவனியின் காதில், மலைநாட்டுக்கு இந்த வாரம் எந்தப் பாட்டில் பித்து என்பது தினமும் எழுபது தடவை வந்து விழுந்துகொண்டிருந்தது.

முதல் இரண்டு வாரமும் அதிகம் கேட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். மூன்றாவது வாரத்திலிருந்து நோயாளர் பட்டியலின் பின்பக்கத்தில் கோடு கிழிக்கத் தொடங்கினாள். தவில் பாட்டுக்கு ஒரு வரிசை, கோபக்காரப் பிள்ளைக்கு ஒரு வரிசை. வியாழக்கிழமை மாலை எந்த வரிசை நீளமோ அதுதான் வெள்ளிக்கிழமை அவள் வாயில். யாருக்கும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னிடம் ஓர் இரகசியம் இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பத்தாவது வாரம் எல்லாம் குழம்பியது.

தோல் டொக்டரிடம் வரும் இராஜகுமாரி என்ற தையல்கார அம்மாவுக்கு அந்த வாரம் ஒருநாள் முதல்முறையாகப் போன் எடுத்தாள். ஒரு கிட்டார் துள்ளி விழுந்தது. ஓர் இளம் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவதுபோல,

'கடைசி பஸ்ஸும் போயிருச்சு, கவல என்னடி?
கூட நீயும் நடந்து வந்தா...'

"ஹலோ," என்றார் இராஜகுமாரி.

சஞ்சீவனி ரிசீவரை முறைத்தாள். நடந்து வந்தா என்ன? அதற்குள் எடுத்துவிட்டார்களே. இலக்கத்தையும் நேரத்தையும் சொல்லிப் போனை வைத்தாள். ஐந்து நிமிடம் பொறுத்தாள். பிறகு, டொக்டர் வரும் நேரம் சரிதானா என்று உறுதிப்படுத்த எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மறுபடி எடுத்தாள். கிட்டார். சிரிப்பு. 'கூட நீயும்...'

"ஹலோ, சொல்லுங்க மிஸ்."

"அம்மா, நீங்க போன ரொம்ப வெரசா எடுக்குறீங்க."

"தையலுக்கு ஆளுங்க எடுப்பாங்க மிஸ். கட்டாயிருச்சின்னா வேற எடத்துக்குப் போயிருவாங்க."

"ஒரு தடவ மட்டும், நான் எடுக்குறப்ப, கொஞ்சம் அடிக்க விடுறீங்களா?"

"போன்ல ஏதும் கோளாறா மிஸ்?"

"இல்லம்மா. செக் பண்றோம்."

மூன்றாவது தடவை இராஜகுமாரி எடுக்கவே இல்லை. பாட்டு ஓடியது. 'கூட நீயும் நடந்து வந்தா கொழும்பும் கிட்டடி.' சஞ்சீவனி கவுண்டரில் உட்கார்ந்தபடி சத்தமாகச் சிரித்துவிட்டாள். முன்னால் இரத்த அறிக்கையோடு நின்றவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து அறிக்கையை மடித்துவிட்டார்.

மறுநாள் மாலை இராஜகுமாரி மருந்துக்கு வந்தார். அந்தப் பாட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டால், அவருக்குத் தன் போனில் பாட்டு இருப்பதே தெரியவில்லை. போன் வாங்கிக் கொடுத்த தங்கச்சி மகள் என்னமோ அமுக்கிக் கொடுத்ததாம். தனக்குத்தானே போன் எடுக்க முடியாதே, அவர் எப்படிக் கேட்டிருப்பார்? சஞ்சீவனி கவுண்டர் போனிலிருந்து அவருடைய இலக்கத்தை அமுக்கி ரிசீவரை அவர் காதில் வைத்தாள். ஒரு காதில் பாட்டும் கையில் அதிர்கிற போனுமாக இராஜகுமாரி நின்றார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அட பாவிகளா. கலியாண வீட்டு ஆளுங்க, கோயில் ஐயரு, எல்லாரும் இதயா கேட்டாங்க இவ்வளவு நாளும்?" என்று கேட்டு, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சஞ்சீவனியும் சிரித்தாள். இருவருக்கும் நிறுத்த முடியவில்லை.

அந்தப் பாட்டை ஹட்டன் பக்கத்து இளைஞர்கள் மூன்று பேர் சொந்தமாகச் செய்து வெளியிட்டிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை சஞ்சீவனியின் பட்டியலில் அதற்கு ஒரேயொரு கோடு. இன்னொரு சினிமாப் பாட்டுக்கு முப்பத்தொரு கோடு. பஸ்ஸில் டீச்சர் கொப்பியை விரித்ததும் அவள் வாய் தன் பாட்டில் திறந்தது.

"கடைசி பஸ்ஸும் போயிருச்சு," என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாட்டின் பெயர் தெரிந்திருந்தது.

"இது யாரு பாட்டு?" என்று டீச்சர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ரிஸ்கான் மட்டும் கண்ணாடியில் பார்த்து, "கடசி பஸ் போனா கவல இல்லியா? அப்ப நாங்க எப்டி சீவிக்கிறது?" என்றார்.

பாட்டு ஒன்பதாவதாக வந்தது. ஒன்பது வாரம் கால் நீட்டிப் போனவள் எழுந்து நின்றாள். அடுத்த வெள்ளியும் அதையே சொன்னாள். ஏழாவது. நின்றாள். மூன்றாவது வெள்ளியும் அதே. மறுபடியும் ஏழாவது. நின்றாள். வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, முன்னைவிடச் சந்தோசமாக நின்றாள்.

வீட்டில் தேங்காய் திருவும்போது பாடினாள். தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கும் ஜெயராஜ், வேலைவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"ஒனக்கு காய்ச்சலா?" என்று கேட்டார்.

"இல்லயே. ஏன்?"

"பாடுற."

"நல்லாருக்கா?"

ஜெயராஜ் யோசித்தார். பதின்மூன்று வருசத்துக் குடும்பத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. "கரண்டு ஏறி எறங்குற மாதிரி இருக்கு. ஆனா பாடு," என்றார். பிள்ளைகள் இருவரும் அன்றிரவே பாட்டைப் பாடமாக்கிவிட்டார்கள்.

பிறகுதான் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். கம்பளையிலிருந்து ஒரு அம்மா, டொக்டர் வரும்வரை எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது என்று போனில் அலுத்துக்கொண்டார். சஞ்சீவனி, "அதுவரைக்கும் ஒரு பாட்டுக் கேளுங்கம்மா, நேரம் போறதே தெரியாது," என்று பெயரைச் சொன்னாள். அன்று ஒருவருக்குச் சொன்னாள். மறுநாள் ஆறு பேருக்கு. பிறகு அது அவளுடைய பேச்சிலேயே சேர்ந்துவிட்டது. உங்கள் இலக்கம் இருபத்தொன்று, பழைய மருந்துத் துண்டைக் கொண்டு வாருங்கள், 'கடைசி பஸ்' கேட்டீர்களா. தையல் எடுக்க வருகிறவர்களிடம் இராஜகுமாரியும் விடவில்லை.

நான்காவது வாரம் பாட்டு நான்காவது. ஐந்தாவது வாரம் மூன்றாவது. அவள் நிற்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் சிரித்தவர்கள் இப்போது, "அக்கா, இந்த வாரமும் அதுதானா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை பின்னேரம், காது மூக்குத் தொண்டை டொக்டரின் வரிசையில் ஒருவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சஞ்சீவனி பட்டியலைப் பார்த்தாள். இலக்கம் எட்டு, பொன்னுத்துரை.

"சேர்?"

அவர் கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, சத்தமாக் கதையாதையும். பஸ்ஸில ஒருத்தருக்கும் தெரியவேண்டாம். ஒரு ஒன்பது மாசமா இரண்டு காதுக்கையும் பஞ்சு வைச்ச மாதிரி இருக்கு. சங்கீத வாத்திக்குக் காது கேக்கேல்லை எண்டால் சனம் சிரிக்கும்."

சஞ்சீவனி சத்தியம் செய்தாள். அவர் உள்ளே போனார். கால் மணித்தியாலத்தில், இரண்டு காதிலிருந்தும் டொக்டர் எடுத்த குறும்பியை ஒரு சின்னக் கிண்ணத்தில் பார்த்துவிட்டு, நிமிர்ந்த நடையோடு வெளியே வந்தார். மின்விசிறி சுற்றுவது கேட்டது. தாதியின் செருப்பு கேட்டது. கவுண்டரில் சஞ்சீவனி யாருக்கோ போன் எடுத்துக் காத்திருந்தாள். ரிசீவரிலிருந்து கசிந்த மெல்லிய பாட்டு, மூன்று முழம் தள்ளி நின்ற அவருக்குத் தெளிவாகக் கேட்டது. கிட்டார் துள்ளியது.

அவள் வைத்தாள், அடுத்த இலக்கத்துக்கு எடுத்தாள். வேறு பாட்டு. பட்டியலின் பின்னால் ஒரு கோடு கிழித்தாள். அடுத்தவர். மறுபடி கிட்டார். இன்னொரு கோடு.

"ஓ," என்றார் பொன்னுத்துரை சேர். "இதுதானோ உம்மட சங்கீத ஞானம்?"

சஞ்சீவனி பட்டியலைக் கையால் மூடினாள். முகம் சிவந்துவிட்டது. "சேர், ப்ளீஸ், யாருக்கும் சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறன்? என்ர குறும்பி உம்மட கையில." அவர் போகாமல் நின்றார். "அந்தப் பாட்டை இன்னொருக்கால் எடும் பாப்பம்."

அவள் இராஜகுமாரிக்கு எடுத்தாள். இராஜகுமாரி இப்போதெல்லாம் சஞ்சீவனியின் இலக்கம் என்றால் எடுப்பதேயில்லை, அடிக்க விட்டுவிடுவார். பொன்னுத்துரை சேர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். விரல் கவுண்டரில் தாளம் போட்டது.

"இரண்டாவது அடியில சுருதி கொஞ்சம் விலகுது," என்றார். "ஆனா அந்தப் பொடியன் சிரிச்சுக்கொண்டு பாடுறான். ஒன்பது மாசமா நான் என்னத்தைக் கேட்டு எதைச் சொல்லிக்கொண்டு இருந்தன் எண்டு இப்பத்தான் விளங்குது."

அன்றிரவு சஞ்சீவனி யோசித்தாள். கோடு கிழிப்பது களவில்லை. ஆனால் நோயாளர்களிடம் பாட்டைச் சொன்னது? வெள்ளிக்கிழமை காலை, டீச்சர் கொப்பியை விரிப்பதற்கு முன்பே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரிங்கிங் டோன், கோடுகள், கம்பளை அம்மா, எல்லாம். பொன்னுத்துரை சேரின் காதை மட்டும் சொல்லவில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பஸ்லினா டீச்சர் பேனையைத் தட்டி அடக்கினார்.

"ஒரு பாட்டு நல்லா ஈக்கிண்டு நாலு பேருக்குச் செல்றது குத்தமில்ல. வோட் போடுறது அவங்கட விருப்பம். ஆனா," என்று விரலை உயர்த்தினார், "இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணியோட வோட் எடுக்கிறது முடியும். அதுவரைக்கும் நீங்க அந்தப் பாட்டப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடா. பாடவும் கூடா. அப்ப ஞாயம்."

"சரி டீச்சர்."

"யாரு யாரு என்ன பாட்டு?"

சஞ்சீவனி சொன்னாள். பொன்னுத்துரை சேர் தொண்டையைச் செருமி, "எனக்கும் அதுதான்," என்றார். ரிஸ்கான் பிரேக்கில் கால் வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைபோல நீண்ட நாள் சஞ்சீவனியின் வாழ்க்கையில் வந்ததில்லை. முதல் அழைப்பு அக்குறணை. கிட்டார். இரண்டாவது மாத்தளை. வேறு. மூன்றாவது கிட்டார். நான்காவது கிட்டார். கோடுகள் ஐந்தைந்தாகக் கட்டிக்கொண்டு போயின. ஒரு ஐயா எடுத்தவுடனேயே, "மிஸ், நீங்க சொன்ன பாட்டப் போட்டுட்டேன், கேட்டிச்சா?" என்றார்.

"உங்க இலக்கம் பதினொன்று ஐயா," என்றாள் சஞ்சீவனி.

"பாட்டு எப்புடி?"

"நாலரைக்கு வந்தாப் போதும் ஐயா."

"கோவமா மிஸ்?"

அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைச் சிங்களப் பிள்ளை பல்வலியா என்று கேட்டு ஒரு கராம்பைக் கொடுத்தது. மூன்று மணிக்கு இருபத்தேழு கோடு. சினிமாப் பாட்டுக்கு இருபத்தாறு. ஐந்து மணிக்கு இரண்டும் சமமாக நின்றன. பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

சனிக்கிழமை பஸ் கலஹாவிலேயே நிரம்பிவிட்டது. பந்தயத்தில் இல்லாதவர்களும் விசயத்தைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். ரிஸ்கான் வானொலியை முழுச் சத்தத்தில் வைத்தார். பத்தாவதில் இல்லை. ஒன்பதில் இல்லை. வழியில் மரக்கறிக் கூடையோடு ஏறிய ஒரு அம்மா படியில் நின்று பை ஒன்றைத் தேட, "ஏறுங்க உம்மா, ஏறுங்க, ஏழாவது போகுது," என்று ரிஸ்கான் கெஞ்சினார். ஐந்தில் இல்லை. நான்கில் இல்லை. மூன்றாவதில் கொண்டக்டர் டிக்கட் கொடுப்பதை நிறுத்திவிட்டு மிதிபலகையில் உட்கார்ந்தார்.

இரண்டாவது, ஐந்து வாரமாக முதலாவதில் இருந்த அந்தச் சினிமாப் பாட்டு.

பஸ் அலறியது. யாரோ சஞ்சீவனியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். பொன்னுத்துரை சேர் மட்டும் கையை உயர்த்தினார். "பொறுங்கோ. பத்துக்கு வெளியில போயிருந்தாலும் இப்பிடித்தான் இருக்கும்." எல்லாரும் வாயை மூடினார்கள். விளம்பரம் போனது. சவர்க்காரம், நகைக்கடை, பிஸ்கட். "இந்த வாரம் முதலாவது இடத்தில்..." என்று அறிவிப்பாளர் இழுக்க, பஸ் ஒரு வளைவில் திரும்ப, வானொலி கரகரவென்று இரைந்து செத்தது.

ரிஸ்கான் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார். "இனி ஹிந்தகல வரைக்கும் புடிக்காது."

ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். ஒருவருடையதிலும் சிக்னல் இல்லை. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. அப்போதுதான் பஸ்லினா டீச்சர், பந்தயத்தில் இல்லாதவர், கொப்பியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு இறங்கி, வந்த வழியே வளைவை நோக்கி நடந்தார். நடை ஓட்டமானது. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வளைவில் மறைந்தார்.

பஸ்ஸில் ஐம்பது பேரும் பின்பக்கம் திரும்பி வளைவையே பார்த்தார்கள். லொறிக்காரர் இறங்கி வந்து, "என்னய்யா, பிரேக் போயிருச்சா?" என்று கேட்டார். நாலைந்து பேர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்கள். சஞ்சீவனி கண்ணை மூடிக்கொண்டாள்.

டீச்சர் வளைவில் தெரிந்தார். அபாயாவின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். படியில் கால் வைத்தவருக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. நெஞ்சில் கை வைத்து இரண்டு தடவை மூச்செடுத்தார். பிறகு, பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுக்கும் அதே குரலில், பாடினார்.

"கடசி பஸ்ஸும் போயிருச்சு, கவல என்னடி?"

என்ன நடந்தது என்று சஞ்சீவனிக்குச் சரியாக நினைவில்லை. மரக்கறிக் கூடை அம்மாவைக் கட்டிப்பிடித்திருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். ஐம்பது பேரும் பாடினார்கள். லொறிக்காரர் ஹோர்னில் தாளம் போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். பொன்னுத்துரை சேர் இருக்கைகளுக்கு நடுவே எழுந்து நின்று, "அந்த இரண்டாவது அடியைக் கொஞ்சம் மேல எடுங்கோ," என்று பஸ் முழுவதற்கும் சுருதி சொல்லிக்கொடுத்தார். பேராதனையில் ஏறிய பல்கலைக்கழகப் பிள்ளைகள் சுற்றுலா பஸ் என்று நினைத்து இறங்கப் பார்த்தார்கள். கெட்டம்பேயில் போக்குவரத்து நெரிசல். ஒருவரும் கவலைப்படவில்லை. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிறுத்திய பிறகும் கடைசி அடி முடியும்வரை ரிஸ்கான் கதவைத் திறக்கவில்லை.

சனலிங் சென்டருக்குச் சஞ்சீவனி இருபது நிமிடம் பிந்திப் போனாள். ஹோல் நிறைய ஆட்கள். கவுண்டருக்குப் பின்னால் மனேஜர் ஹில்மி தானே உட்கார்ந்து இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார். பதினான்கு வருசத்தில் அவள் ஒருநாளும் பிந்தியதில்லை.

"என்ன சஞ்சீவனி, ஊட்டுல ஏதும் பிரச்சினயா?" என்று கேட்டார்.

பொய் ஒன்று சொல்லலாம் என்று பார்த்தாள். எதுவும் வரவில்லை. "இல்ல சேர். பாட்டு முதலாவதா வந்திருச்சு," என்றாள். தொண்டை கட்டியிருந்தது.

"என்ன பாட்டு?"

பெயரைச் சொன்னால் போதும். அவள் பெயரைச் சொல்லவில்லை. கைப்பையைக் கீழே வைத்து, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, கட்டிய தொண்டையோடு முதல் அடியைப் பாடினாள். இரத்த அறிக்கைகள், எக்ஸ்ரே உறைகள், தூங்கிய குழந்தைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. ஹில்மி பேனையை மூடினார். அவள் நிறுத்திவிட்டாள்.

பின்வரிசையில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டிருந்த ஒருவர் ஊன்றுகோலைத் தரையில் தட்டினார்.

"கொஞ்சம் சத்தமாப் பாடுங்க மிஸ்," என்றார். "பின்னுக்குக் கேக்கல."

சஞ்சீவனி சத்தமாகப் பாடினாள்.